வாரத்து ஆடுகளுக்கு வந்த கொரோனாப் பணம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: நான், என் வீட்டுக்காரர், நிலத்துக்குச் சொந்தக்காரத் தம்பி, மேசைக்கு அந்தப் பக்கம் கவுண்டி விவசாய அலுவலகத்து அம்மா, அவர் நாற்காலிக்கு அடியில் ஒரு கிழட்டு நாய். வேறு யாரும் இல்லை. வாசலிலேயே நின்று இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போனேன். மூலையில் எங்காவது போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பாரோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

என் மடியில் ஜிப் வைத்த பாசுமதி அரிசிப் பை. அதில்தான் என் காகிதங்கள் எல்லாம் இருக்கும். அன்றைக்குக் காகிதத்துக்கு மேலே ஓர் ஐஸ்கிரீம் டப்பாவும் இருந்தது.

தம்பி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. சென்னைக்காரர். இங்கே டாலஸ் நகரத்தை ஒட்டிய காப்பெல்லில் வீடு, கம்ப்யூட்டர் வேலை. டாலஸிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட்டினால் வருகிற இந்தக் கவுண்டியில், நம் ஊர்த் தாலுகா மாதிரி ஒன்று, முப்பது ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். நிலத்தில் ஆடோ மாடோ மேய்ந்தால் இங்கே வரி குறைவு, சும்மா கிடந்தால் வரி தாங்காது. அதற்காக எண்பது தாய் ஆடு வாங்கி விட்டார். விட்ட பிறகுதான் அதுகளுக்குத் தண்ணீர் யார் காட்டுவது என்று யோசித்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அப்போது காப்பெல் பக்கம் ஓர் ஓட்டலில் சமையல். நாத்தனார் ஸ்பான்சர் செய்து, பல வருஷம் காத்திருந்து, கிரீன் கார்டில் வந்தவர்கள் நாங்கள். ஒரு நாள் சாப்பிட வந்த தம்பி, சுக்கா நன்றாக இருக்கிறது என்று சமையல்காரரைக் கூப்பிட்டுப் பேச, பேச்சு ஆட்டுக்குப் போய், மேசையை விட்டு எழுவதற்குள் முடிவாகிவிட்டது. நிலத்தில் கிடந்த டிரெய்லர் வீட்டில் நாங்கள் குடியிருந்துகொள்வது. ஆடுகளை வாரத்துக்கு வளர்ப்பது.

எங்கள் தாராபுரம் பக்கம் வாரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். தாய் ஆடு உடையவருக்கு. வளர்ப்பது நாம். குட்டி விற்றால் பணம் ஆளுக்குப் பாதி, குட்டி செத்தால் நட்டமும் ஆளுக்குப் பாதி. தாய் செத்தால் நட்டம் உடையவரைச் சேர்ந்தது. ஆனால் வளர்க்கிறவர் செத்த ஆட்டின் காதை அறுத்துக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும், விற்றுத் தின்றுவிட்டுக் கதை சொல்லவில்லை என்பதற்காக. பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது.

இங்கே ஒவ்வொரு ஆட்டின் காதிலும் நம்பர் போட்ட மஞ்சள் வில்லை உண்டு. முதல் ஆடு செத்தபோது நான் வில்லையோடு காதை அறுத்துக் கவரில் போட்டுக் காப்பெல்லுக்கே கொண்டுபோய்விட்டேன். தம்பி கவரைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே ஓடினார்.

"அக்கா, ப்ளீஸ். வாட்ஸப்ல ஃபோட்டோ போதும். அதையும் லஞ்ச் டைம்ல அனுப்பாதீங்க."

அதிலிருந்து ஃபோட்டோதான் அனுப்பினேன். ஆனால் போன் தொலைந்தால் ஃபோட்டோவும் தொலையும் இல்லையா? அதனால் காதுகளையும் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்து வந்தேன். வீட்டுக்காரர் திட்டுவார். "கொத்தமல்லி எடுக்கப் போனா காது வருது புள்ள. ஊட்டுல மனுசன் சோறு திங்கறதா வேண்டாமா?"

கொரோனா வந்த வருஷம் ஓட்டல்களை எல்லாம் மூடினார்கள். ஆடு ஏலம் போடுகிற கொட்டகையும் சில வாரம் மூடிக் கிடந்தது. வாங்க ஆள் இல்லாமல் குட்டிகள் தின்றுகொண்டே இருந்தன. தீவனம் வாங்கப் போனபோது கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். என் ஆங்கிலம் முக்கால்வாசி தீவன மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வந்தது. அந்தக் காகிதத்தை நின்று மூன்று தடவை படித்தேன். கொரோனாவால் அடிபட்ட பண்ணைகளுக்கு அரசாங்கம் பணம் தருகிறதாம். மாடு, பன்றி, மக்காச்சோளம், பால், முட்டை என்று வரிசையாகப் போய்க் கீழே ஓர் ஓரத்தில் ஆடு என்று இருந்தது. ஆட்டை நினைத்து ஒரு வரி அடித்த ஆள் யாராக இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

காகிதத்தில் போட்டிருந்த விவசாய அலுவலகம் பூட்டியிருந்தது, போனில்தான் பேச்சு. ஒரு பெண் குரல் கேட்டது ஒரே கேள்வி: கொரோனாவுக்கு முந்தைய வருஷம் எத்தனை டாலருக்கு ஆடு விற்றீர்கள்?

சொன்னேன். நூற்றிருபது குட்டி, முப்பத்தாறாயிரம் டாலர்.

"இந்த வருஷம் எவ்வளவு நட்டம்னு சொல்லட்டுங்களா?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அது வேண்டாம் என்றது குரல். பாரத்தில் அந்தக் கட்டமே இல்லையாம். போன வருஷத்து விற்பனையில் இத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுத் தருவார்களாம்.

எனக்கு அது தலைக்குள் நுழையவில்லை. நட்டம் எவ்வளவு என்று கேட்காமல் எப்படி நட்டஈடு தருவார்கள்? மறுநாள் மறுபடி போன் போட்டேன். அதே குரல், அதே பதில். உண்மையைச் சொன்னால், எங்களுக்குக் கஷ்டம் முதல் சில மாதம்தான். அதற்குப் பிறகு காப்பெல், ஃபிரிஸ்கோ, பிளேனோ என்று டாலஸைச் சுற்றிய ஊர்களில் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்த நம் ஊர்க் குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "ஆன்ட்டி, ஃப்ரெஷ் மட்டன் இருக்கா?" என்று குழந்தைகள் முதற்கொண்டு கேட்டார்கள். தீபாவளிக்கு விற்கக் குட்டி இல்லை. இதையும் போனில் சொல்லத்தான் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, கவலைப்படாதீர்கள் மேம், போன வருஷத்தை மட்டும் எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் இருந்தது. நூறு என்று போட்டேன்.

ஏன் நூறு போட்டேன் என்பதைத்தான் இத்தனை நாள் எனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன். விற்றது நான். குளிரில் குட்டியை நெஞ்சோடு அணைத்து ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தது நான். விற்ற பணத்தில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்ததும் நான்தான், ஒரு டாலர் குறையாமல். இந்தப் பணம் ஆட்டுக்கு வருவதில்லை, ஆட்டை வளர்த்த கைக்கு வருவது என்று ஒரு நியாயம் மனசுக்குள் ஓடியது. பாரத்தை அலுவலக வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

யாராவது ஆடு எண்ண வருவார்கள் என்று காத்திருந்தேன். சரளைப் பாதையில் கார் சத்தம் கேட்டால் வெளியே ஓடுவேன். கூரியர்காரர் என்னைப் பார்த்துப் பயந்துபோய்ப் பெட்டியைத் தூரத்திலேயே வைத்துவிட்டுப் போவார். யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் பேங்கில் பணம் மட்டும் வந்தது. மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு டாலர். ஒரு மாதம் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். அப்புறம் கொட்டகைக்குத் தகரம் போட்டோம். அடுத்த குளிர்காலத்தில் அந்தக் கொட்டகையில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரே நிலம், ஒரே ஆடுகள், இரண்டு விண்ணப்பம், இரண்டுக்கும் பணம் போயிருக்கிறது. இரண்டு பேரும் ஆதாரங்களோடு வரவும்.

இரண்டாவது விண்ணப்பம் யாருடையது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. போன் அடித்தது.

"அக்கா, உங்களுக்கும் லெட்டர் வந்துச்சா? சேம் ஆட்டை நாம ரெண்டு பேரும் கிளெய்ம் பண்ணிருக்கோமாம்க்கா! நீங்க எப்போ அப்ளை பண்ணீங்க?"

"நீங்க எப்பங்க தம்பி பண்ணுனீங்க?"

"நானா... அது... ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். எனக்கு வந்த பாதிய மட்டும்தான் போட்டேன். நீங்க?"

நான் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

பணம் திருப்பிக் கொடுப்பதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணியிருந்தோம். வீட்டுக்காரருக்கு இன்டர்வியூ தேதி வந்துவிட்டது, எனக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பாரத்தில் ஒரு கேள்வி உண்டு. அமெரிக்க அரசாங்கத்து அதிகாரி யாரிடமாவது பொய்யான தகவல் எப்போதாவது கொடுத்திருக்கிறீர்களா? நான் இல்லை என்று கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன். இப்போது நூறு என்று எழுதிய அந்தக் கட்டம் ஒரு பக்கம், இல்லை என்று குறி போட்ட இந்தக் கட்டம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் அலமாரியில் இருக்கின்றன. யாரோ ஒருவர் இரண்டையும் ஒன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால்?

"சோத்த உண்ணு புள்ள," என்றார் வீட்டுக்காரர். "ஆட்டுக் காசுக்கெல்லாம் நாடு கடத்த மாட்டாங்க."

"உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது. ஆனா உண்ணு."

அப்படித்தான் அந்த அறைக்குப் போனோம். அலுவலகத்து அம்மா அறுபது வயதுக்காரர், பூட்ஸ் போட்டிருந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, போனில் பேசியவர் இவர்தான். இரண்டு விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராகக் கேட்டார். இந்த ஆடுகள் யாருடையவை?

"மைன்," என்றார் தம்பி.

"மைன்," என்று நானும் அதே நேரம் சொல்லிவிட்டேன்.

"போத்," என்றார் வீட்டுக்காரர்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஓர் ஆட்டில் இரண்டு பேர் எப்படி இருக்க முடியும், முன்னங்கால் அவருக்கு, பின்னங்கால் உங்களுக்கா என்று கேட்டார். கிண்டல் மாதிரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகம்.

தம்பி ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். அவர் பேச்சில் பார்ட்னர்ஷிப், ரெவென்யூ, ஸ்பிளிட் என்று என்னென்னவோ வந்தது. அந்த அம்மா, அப்படியானால் ஒப்பந்தம் எழுதியிருப்பீர்களே, காட்டுங்கள் என்றார். தம்பி என்னைப் பார்த்தார். ஒப்பந்தத்துக்கு எங்கே போவது? ஓட்டல் மேசையில் கை கழுவிய கையோடு பேசியது.

அதற்குள் நாய் எழுந்து வந்து என் பையை முகர ஆரம்பித்தது. நான் டப்பாவை மேலே தூக்க, அது மடியில் கால் வைத்து ஏற, அந்த அம்மா, உள்ளே என்ன சாப்பாடா என்றார்.

"இயர்ஸ்," என்றேன்.

"ஐயோ அக்கா, அதையா கொண்டுவந்தீங்க?" தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

கொண்டுவராமல்? ஆதாரத்தோடு வாருங்கள் என்று கடிதத்தில் போட்டிருந்ததே. மூடியைத் திறந்தேன். ஒன்பது காது, ஒன்பது மஞ்சள் வில்லை, மேலே பனி பூத்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தாய் அவருக்கு. தாய் செத்தால் காது காட்ட வேண்டும். இல்லையென்றால் நான் திருடி. குட்டி ஆளுக்குப் பாதி. செத்தாலும் பாதி.

அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு காதைப் பென்சிலால் திருப்பி நம்பரைப் படித்தார். தம்பியிடம், செத்த ஆடுகளுக்கு நீங்கள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்றார். தம்பி முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார். நான் அனுப்பிய ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் எக்செல்லில் ஒரு வரி போட்டிருந்தார், நம்பர், செத்த நாள், ஆட்டின் விலை எல்லாம். இந்தப் பிள்ளை ஆட்டுப் புழுக்கையைக்கூட எக்செல்லில் ஏற்றுவார் என்று வீட்டுக்காரரும் நானும் எத்தனை நாள் சிரித்திருப்போம். அந்த அம்மா படிக்கப் படிக்க, தம்பி ஒவ்வொன்றாக யெஸ் சொன்னார். ஒன்பதும் சரியாக இருந்தது.

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆன் ஹாவ்ஸ்," என்றார்.

பாதிக்குப் பாதி என்பதற்கு அப்படி ஒரு சொல் இந்த ஊரிலேயே இருந்ததாம். அவருடைய அப்பா பிறத்தியார் நிலத்தில் பருத்தி போட்டாராம், பாதிக்கு. நிலம் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு, மகசூல் ஆளுக்குப் பாதி. எழுத்து கிடையாதாம். காது மட்டும் யாரும் கொண்டுவந்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ஒன்று கேட்டார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. பருத்தி விலை விழுந்தபோது அப்பாவுக்கு எந்த அரசாங்கப் பணமும் வரவில்லை, நிலக்காரருக்குத்தான் வந்தது, உங்கள் ஊரில் எப்படி? எங்கள் ஊரிலும் வறட்சி நிவாரணம் பட்டாக்காரருக்குத்தான் வரும், வாரக்காரருக்கு வராது என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பேசினோம். எனக்குப் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அப்புறம் வேலைக்கு வந்தார். தம்பி பாதிக்கு வாங்கியது சரி. நான் பாதிக்கு வாங்கியிருக்க வேண்டும், முழுசுக்கு வாங்கியிருக்கிறேன். என்னைப் பார்த்துக் கேட்டார்: இவர் அப்ளை பண்ணியது உங்களுக்குத் தெரியுமா?

"தெரியாது."

நீங்கள் அப்ளை பண்ணியதை இவரிடம் சொன்னீர்களா?

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். புரியவில்லை, ஆங்கிலம் வராது என்றும் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். எதற்காக மிதித்தார், சொல் என்றா, சொல்லாதே என்றா, இன்றுவரை கேட்கவில்லை.

"சொல்லவில்லை. சொன்னால் பாதி கேட்பார் என்று பயம்," என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அது என் பாரத்தில் இல்லை ஹனி, அது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது என்றார். நூறை அடித்து ஐம்பது எழுதச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். அதிகமாக வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு டாலர் அறுபது சென்ட். மாதம் எண்பது டாலர் கட்டுகிறேன் என்றேன். சரி என்றார்.

சிட்டிசன்ஷிப் கேள்வியையும் கேட்டேன். அந்த அம்மா, எனக்கு ஆடும் நிலக்கடலையும்தான் தெரியும், அந்த விஷயம் தெரியாது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். விண்ணப்பம் பாதிக்குத் திருத்தப்பட்டது, அதிகப்படியைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார் என்று இரண்டு வரி.

வெளியே கார் பக்கத்தில் மூன்று பேரும் நின்றோம்.

"அக்கா, கேட்டிருந்தா பாதி வேணாம்னு சொல்லிருப்பேன்," என்றார் தம்பி.

"இப்ப சொல்றது சுலுவுங்க தம்பி," என்றார் வீட்டுக்காரர். "அன்னிக்கு நீங்களும்தான சொல்லல?"

"அண்ணா, நான் சொல்லாதது வேற. மூணு ஈவினிங் உக்காந்து ஃபார்ம் ஃபில் பண்ணி ஆட்டுக்கு நிவாரணம் வாங்கினேன்னு தெரிஞ்சா ஃப்ரெண்ட்ஸ் கலாய்ப்பாங்க. என் வைஃப்கிட்டயே சொல்லல."

"அப்ப எங்ககிட்ட இல்ல, ஊட்டுலயும் கள்ளத்தனந்தான்."

தம்பி சிரித்துவிட்டார். வட்டியில் பாதி நான் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். குட்டி செத்தால் பாதி. வளர்க்கிறவள் பண்ணிய தப்பு வளர்க்கிறவளுக்கு. டிரெய்லரை எப்போது காலி பண்ண வேண்டும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "அடுத்த மாசம் கிடா ரெண்டு வாங்கணும்க்கா, நீங்க வந்து பாருங்க," என்று காரில் ஏறிவிட்டார்.

வீட்டுக்காரருக்கு இன்டர்வியூ சுலபமாக முடிந்தது. எனக்குத் தேதி வர அடுத்த வருஷம் ஆகிவிட்டது. டாலஸில் ஒரு சின்ன அறை, இளவயசு அதிகாரி. வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார், நான் நோ, நோ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அரசாங்கத்துக்குப் பொய்யான தகவல் கொடுத்ததுண்டா என்ற கேள்வியும் வந்தது. வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து அந்த நோவைச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டிருந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பையிலிருந்து அந்தக் கடிதத்தையும் தவணை ரசீதுகளையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. மறுபடி படித்தார். பாதி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். காதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பாதியில் தோன்றியது, ஆனால் அவர், அப்புறம் என்று கேட்டார், முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் கம்ப்யூட்டரில் நீளமாக என்னவோ அடித்தார். அடித்து முடிக்கும் வரை நான் சுவரில் இருந்த கொடியின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தப்பாக எழுதினீர்கள், கேட்டபோது மறைக்கவில்லை, திருத்திவிட்டீர்கள், தவணை தவறவில்லை, இது பொய் என்பதில் வராது என்றார். அந்தக் கேள்விக்கு நோ என்பது அப்படியே நின்றது. மிச்சக் கேள்விகளைக் கேட்டார், ஒரு வரி படிக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். பாஸ் என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார்.

நான் எழுந்து பையின் ஜிப்பை மூடும்போது, இது இன்டர்வியூவில் சேராது, எனக்குத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றார். அந்த ஆட்டுப் பணத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி?

அந்த மாதத்தோடு பதினோரு தவணை கட்டியிருந்தேன். கணக்கு நாக்கு நுனியில் இருந்தது.

ஆயிரத்து நூற்று ஏழு டாலர் அறுபது சென்ட்.